தொழில் என்ற கட்டம்

"உங்க அண்ணன் பார்க்கிற வேலைக்கு என்னம்மா பேரு?" என்று விசாரணை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அம்மாள் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதில் தெரியாமல் இல்லை, நாலைந்து பதில் தெரிந்திருந்ததுதான் தொல்லை. அதோடு, யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். பாடம் வரும். எழுந்து நின்று சொல்ல வராது.

நான் அங்கே போனது எழுதுவதற்கு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் படிவத்தின் பொடி எழுத்தைக் கண்டால் என் பக்கம் நகர்த்திவிடுவார். ஒன்பது நாளுக்கு முன்னால், அவர் பராமரிக்கிற ஒரு லிஃப்டில், பார்சல் கொண்டுவந்த பெண் ஒருத்தியின் பாதம் நசுங்கிப் போயிற்று. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். லிஃப்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, யார் பிசகு என்று விசாரிக்க ஓர் அதிகாரியைப் போட்டிருந்தார்கள். அந்த லிஃப்டோடு சம்பந்தப்பட்ட எல்லோருடைய பெயரும் படிவத்தில் வர வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம்: தொழில், உரிம எண்.

அப்பாவுக்கு இரண்டையும் மளமளவென்று நிரப்பினேன். அடுத்த வரி அண்ணனுடையது. அந்த லிஃப்டை ஓட்டுகிற ப்ரோகிராம் அவன் எழுதியது. உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"சரி விடு, அவரே வந்து சொல்லட்டும்" என்று தட்டச்சு அம்மாள் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

அண்ணனுடைய வேலைக்கு ஆளுக்கொரு பேர் வைத்திருந்தோம். அம்மாவுக்கு அவன் இன்ஜினியர். கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு அவன் கம்ப்யூட்டர் தட்டுகிற பையன். அவன் கம்பெனி அவனை முதல் வருடம் டெவலப்பர் என்றது. அடுத்த வருடம் இன்ஜினியர் என்றது. அதற்கடுத்த வருடம் சம்பளத்தை ஏற்றாமல் 'மூத்த' என்ற சொல்லை மட்டும் முன்னால் ஏற்றி, வழவழப்பான கார்டு அடித்துக் கொடுத்தது. அவனோடு வேலை பார்க்கும் தாடிக்காரன் தன் கார்டில் மந்திரவாதி என்றே போட்டிருந்தானாம். "முயல் எடுப்பானா?" என்று அப்பா கேட்டார். "இல்லப்பா, அவன் எழுதினதைத் தொட்டா இருக்கிறதும் காணாம போயிடும்" என்றான் அண்ணன். அன்று எல்லோரும் சிரித்தோம்.

அப்பா மட்டும் அவனை இன்ஜினியர் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "ப்ரோகிராம் எழுதுறான்" என்பார். அம்மாவுக்கு அது ஆறாத குறை. பெற்ற பிள்ளையை ஒரு படி உயர்த்திச் சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா என்பாள். அப்பாவுக்கு அதில் பொறாமையெல்லாம் இல்லை. மாதாமாதம் அவர் ஒவ்வொரு லிஃப்டின் சோதனைப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். கதவுப் பூட்டு சரி, கயிறு சரி, பிரேக் சரி என்று எழுதி, கீழே பெயரும் எண்ணும் போடுவார். கட்டிடத்தை வரைகிற இன்ஜினியரும் வரைபடத்தின் மூலையில் அப்படித்தான் போடுகிறார். அப்பாவுக்குத் தெரிந்த இன்ஜினியர் அவ்வளவுதான், மூலையில் பெயர் இருக்கிற ஆள்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணனைக் கேட்டார். "நீ எழுதுறதுக்குக் கீழ யாருடா கையெழுத்துப் போடுறது?"

"கம்பெனி பேரு இருக்கும்பா. ஆள் பேரெல்லாம் இருக்காது."

"அப்ப லிஃப்ட் நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவாங்க?"

"உங்களைத்தான்" என்றான் அண்ணன்.

அப்பாவுக்கே சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது.

இருந்தும், அந்த எட்டு மாடிக் கட்டிடத்தின் லிஃப்டுக்குப் புதுப் பலகை போட வேண்டும் என்று வந்தபோது, அண்ணன் கம்பெனியின் பலகையைச் சொன்னவர் அப்பாதான். "என் பையன் எழுதினது, தைரியமா போடுங்க" என்றாராம். கட்டிட மேலாளர் வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மாவிடம் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா வீட்டில் மூச்சு விடவில்லை.

பலகை என்றால் கையகலப் பச்சைத் தகடு. பழைய லிஃப்டில் கதவு திறந்திருந்தால் மோட்டாருக்குப் போகிற மின்சாரமே அறுந்து நிற்கும். புதுசில் கதவு பலகையிடம் சொல்லும், பலகை மோட்டாரிடம் சொல்லும். நடுவில் இருந்து கேட்டுச் சொல்வதுதான் அண்ணனின் ப்ரோகிராம்.

அதை அவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதிச் சோதித்தான். மேசைமேல் லிஃப்ட் ஏது? மோட்டாருக்குப் பதில் ஒரு சின்ன விளக்கு, எரிந்தால் லிஃப்ட் ஓடுகிறது என்று அர்த்தம். கதவுக்குப் பதில் நான். இரண்டு கம்பியில் கட்டிய ஒரு பொத்தானை என் கையில் கொடுத்திருந்தான். அழுத்தினால் கதவு மூடியிருக்கிறது, விட்டால் திறந்திருக்கிறது. "கதவு, மூடு. கதவு, திற" என்பான். பேசவே வேண்டாத வேலை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வாரம் வீட்டில் என் பேரே கதவுதான். "கதவு குளிச்சாச்சா?" என்று அம்மாவும் கேட்பாள்.

ஒரு காலையில், மின்சாரம் போய் வந்தால் லிஃப்ட் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியை அவன் எழுதிக்கொண்டிருந்தான். எங்கே நின்றோம் என்று லிஃப்டுக்கு மறந்துபோயிருக்கும், அதனால் மெதுவாக நகர்ந்து பக்கத்து மாடியில் போய் நிற்க வேண்டும். அவன் பலகையை அணைத்துப் போடுவான், நான் பொத்தானை அழுத்துவேன், விளக்கு எரியும். மறுபடி அணைப்பான். முப்பது நாற்பது தடவை ஆகியிருக்கும். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் எழுந்தேன்.

"கதவு எங்க கிளம்பிடுச்சு?"

"பால்" என்றேன்.

"சரி போ. நீ இல்லாமலே பார்த்துக்கறேன்."

அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் மேசையில் சும்மா கிடந்தது. எப்படி என்பதுபோல் பார்த்தேன். அந்தப் பகுதியில் மட்டும் கதவு எப்போதும் மூடியே இருப்பதாக ஒரு வரி எழுதிவிட்டேன் என்று திரையில் காட்டினான். வரிக்குப் பக்கத்தில் 'தற்காலிகம், பிறகு எடுக்கவும்' என்று குறிப்பும் போட்டிருந்தான். அவன் ப்ரோகிராம் முழுக்க அந்த மாதிரிக் குறிப்புகள் உண்டு. கூட வேலை செய்கிறவர்களும் அப்படித்தானாம். பிறகு எடுக்கவும் என்று எழுதிவிட்டாலே எடுத்துவிட்ட மாதிரி மனசு லேசாகிவிடும் என்பான்.

மறுநாளிலிருந்து அவனுக்கு நான் தேவைப்படவில்லை.

விபத்து நடந்த அன்று மத்தியானம் அந்தக் கட்டிடத்தில் மின்சாரம் போய் வந்தது. ஆறாவது மாடியில் பார்சல் பெண் ஒரு காலை லிஃப்டுக்குள் வைத்து, பின்னால் மெதுவாக நடந்து வந்த ஒரு வயதானவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மின்சாரம் வந்ததும் லிஃப்ட் நகர்ந்தது. காலை இழுக்கப் பார்த்திருக்கிறாள், செருப்பு வார் பார்சல் வண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் போயிற்று என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அப்பா மாதச் சோதனையை முடித்திருந்தார். எட்டு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார்த்தார். எட்டிலும் லிஃப்ட் அசையவில்லை. கதவுப் பூட்டு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மின்சாரம் வந்த முதல் நிமிஷத்தில் மட்டும் அது கதவைக் கேட்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்தது. செய்தி வந்த அன்றே தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து, நேராக ஒரே ஓர் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு மூடினான். நிமிர்ந்தால் எதிரே நான். "நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிடாத" என்றான். என்னிடம் போய்! மற்ற நாளாக இருந்தால் அவனே சிரித்திருப்பான்.

அம்மாவிடம் அவனாகச் சொன்னான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷ வேலைதான் மிச்சம். உனக்கு முப்பது வருஷம் கிடக்கு" என்றாள். அப்புறம், அப்பாவை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை, உரிமம் போகும், போனால் வீட்டில் உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும், முட்டி வலியோடு எத்தனை நாள் ஏறி இறங்குவார் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அப்பாவுக்குச் சின்னதாக இருமல் வந்தாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பவள். அன்று இரண்டு பேரில் ஒருவரைத்தான் கரையேற்ற முடியும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள்.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால் நான் ஒரு துண்டுத்தாளில் எழுதி அப்பாவின் கருவிப் பையில் வைத்தேன். மின்சாரம் வந்த உடனே ஓடுகிற பகுதியில் கதவு எப்போதும் மூடியிருக்கிறது என்று அண்ணன் ஒரு வரி எழுதினான், எடுக்க மறந்துவிட்டான், நான் பார்த்தேன். அவ்வளவுதான். காலையில் அப்பா பையைத் திறந்து, ஸ்பானர்களுக்கு நடுவில் அதைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

அந்த நாலு நாளும் அப்பா அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தே சாப்பிட்டார். அவன் நிமிரும் போதெல்லாம் அவர் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோபமாக இல்லை. ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது நாம் கையில் இருக்கிற கவளத்தை நிறுத்துவோமே, அப்படி. அண்ணன் தண்ணீர் கேட்டான், உப்புக் கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை.

விசாரணை அன்று அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும் இருந்தோம். கம்பெனி வக்கீல் அண்ணனைச் சுவரோரமாக நிறுத்திப் பாடம் நடத்தினார்.

"இன்ஜினியர்ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது. வந்தா, நம்பர் எங்கம்பாரு, நீங்க போட்ட கையெழுத்து எங்கம்பாரு. மாட்டிக்குவீங்க."

"கார்டுலயே இருக்கே சார்."

"கார்டுல என்ன வேணா இருக்கும். கல்யாணப் பத்திரிகைல எல்லாப் பையனும் அழகன்தான்."

அண்ணன் சிரிக்க முயன்றான்.

கூப்பிட்டதும் எல்லோரும் உள்ளே போனோம். நீளமான மேசை. ஒரு கோடியில் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு அம்மாள். சக்கர நாற்காலியில் பார்சல் பெண். என் வயதைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். மடியில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவை முதலில் கேட்டார்கள். எத்தனை வருடம், எத்தனை லிஃப்ட், அன்று என்னென்ன பார்த்தீர்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கதவைப் பார்த்ததை எட்டு மாடிக்கும் எட்டு தடவை சொல்லப் பார்த்தார், அதிகாரி கையமர்த்தினார். பலகையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டபோது அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"பலகை உள்ள இருக்கிறது எனக்குத் தெரியாதுங்க. அதை எழுதின இன்ஜினியர் இங்கதான் இருக்காரு. அவர் சொல்லுவாரு" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா வாயிலிருந்து வர வேண்டும் என்று எத்தனை வருடம் அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சொல். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே இன்ஜினியர்?" என்றார் அதிகாரி.

"நான் இன்ஜினியர் இல்ல சார்."

"கார்டுல போட்டிருக்கு."

"அது கம்பெனில ஒரு மரியாதைக்குக் கொடுக்கிறது சார். எல்லாருக்கும் கொடுப்பாங்க."

"அப்ப உங்க தொழிலுக்கு என்னதான் பேரு?"

அண்ணன் யோசித்தான். நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே கிடைக்கவில்லை என்று அவன் தங்கையான எனக்குத் தெரிந்தது. "தனியா பேர்னு ஒண்ணும் இல்ல சார். என்ன வேணும்னு சொல்றாங்களோ அதை எழுதிக் கொடுப்போம்" என்றான்.

தட்டச்சு அம்மாள் விரலைத் தூக்கிப் பிடித்தபடி, கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார். அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "ஊழியர்னு போடுங்க."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பைமேல் அந்தக் கை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கி மேசைக்குக் கீழே போய்விட்டது.

வக்கீல் பலகையின் கையேட்டைப் பிரித்து அறுபத்திரண்டாம் பக்கத்தைப் படித்தார். பொருத்துகிறவரும் பராமரிக்கிறவரும் எல்லா நிலைமைகளிலும் சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லா நிலைமை என்பதில் மின்சாரம் போய் வருவதும் அடக்கம். சோதித்தாரா? சோதிக்கவில்லை. அப்பாவும் "இல்லைங்க" என்றார்.

வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவள் கையும் கூடவே எழுந்தது. அறை முழுக்க என்னைப் பார்த்தது. பார்சல் பெண்ணும் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம். வாய்க்குள் முழுசாக இருந்தது. நாக்கு அதை விடவில்லை. 

அதிகாரி நல்லவர். "தண்ணி வேணுமாம்மா?" என்று தன் தம்ளரையே நகர்த்தினார். வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

உத்தரவு அன்றே வந்துவிட்டது. அப்பாவின் உரிமம் ரத்து. அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுத்து, படிக்காமல் கொஞ்சம் பேசினார். ப்ரோகிராமில் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். "பொறுப்புன்னு ஒண்ணை ஒரு தொழில் மேலதான் வைக்க முடியும். ஊழியர் மேல வச்சா சட்டத்துல நிக்காது. அவர்கிட்ட பறிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல." அப்பாவிடம் இருந்தது. அவர் உரிம அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இவரா?" என்று பார்சல் பெண் தன் கூட வந்தவளைக் கேட்டாள். அவள் ஆமாம் என்றாள். பார்சல் பெண் அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை போய்ச் சேர வேண்டிய ஆள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, சட்டையின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அப்பா வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான நேரத்துக்குக் குளித்து, மேசையில் வந்து உட்கார்ந்தார். எங்கே போவது என்று இல்லை, அதனால் டீயை மெதுவாகக் குடித்தார். அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவித் தடவி அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் அறையிலிருந்து வந்தான். முகம் கழுவியிருந்தான். இத்தனை நாளில் அன்றுதான் கொஞ்சம் தூங்கியவன் மாதிரி இருந்தான்.

"அப்பா" என்றான். "அந்த வரியை எடுத்துட்டேன்பா. காலைலயே எல்லா லிஃப்டுக்கும் அனுப்பியாச்சு. நாலு நிமிஷம்கூட ஆகல."

அப்பாவுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை லிஃப்ட்?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். அண்ணனும் அதிர்ந்து திரும்பினான்.

"நானூத்திப் பன்னெண்டு."

அவன் தானாகவே தொடர்ந்தான். முன்னாலேயே எடுத்திருப்பானாம். விசாரணை முடிகிற வரைக்கும் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

மூன்று வாரம். நாங்கள் பூட்டி முத்திரை வைத்த அந்த ஒரு லிஃப்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் மூன்று வாரமாக, அப்பா ஐந்து நாளாக. மற்ற நானூற்றுப் பதினொன்றிலும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கெல்லாம் மின்சாரம் போய் வந்ததோ. துண்டுத்தாளில் எழுதத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவை இழுத்துப் பார்க்கிற அப்பாவுக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும், மகன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார். எது என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"ஒண்ணும் ஆகலப்பா. எங்கயும் ஒண்ணும் ஆகல. நான் தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றான் அண்ணன்.

அப்பா எழுந்தார். நாற்காலியைச் சத்தம் வராமல் மேசைக்குள் தள்ளினார். அம்மா எங்கே என்று கேட்டாள், ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டாவது போகச் சொன்னாள். அண்ணன் வழியை விட்டு ஒதுங்கி நின்று "அப்பா, ஏதாவது சொல்லுங்க" என்றான். அவர் அவனைத் தாண்டிப் போய், கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, படியிறங்கித் தெருவில் நடந்து போய்விட்டார்.